தண்ணீர்ப் பந்தலைக் காப்பாற்றிய தேற்றாங்கொட்டை

போன வாரம் நான் ஒரு கொட்டையிடம் தோற்றேன்.

சின்னக் கொட்டை. சட்டைப் பித்தான் அளவுதான் இருக்கும், கொஞ்சம் தடிமன். அதனிடம் தோற்றதில் எனக்கு இம்மியும் வருத்தம் இல்லை. இன்னும் சொல்லப் போனால், செல்லூரில் இன்றைக்கு என்னைவிடத் தலை நிமிர்ந்து நடக்கிற ஆள் கிடையாது. தோற்றவனுக்கு ஏன் இத்தனை கர்வம் என்று கேட்கிறீர்களா? அதைச் சொல்லத்தானே உட்கார்ந்திருக்கிறேன்!

இந்தப் பத்தியை விடாமல் வாசிக்கிறவர்களுக்கு நினைவிருக்கும். மாசி மாதத்தில் ஒரு வாரம் தேற்றாங்கொட்டையைக் கேலி செய்து வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தேன். பானையின் உள்பக்கத்தில் அந்தக் கொட்டையைத் தேய்த்துவிட்டுக் கலங்கல் தண்ணீரை ஊற்றி வைத்தால் தெளிந்துவிடும் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நானோ ஹைஸ்கூல் சயன்ஸ் வாத்தியார். விடுவேனா? "தண்ணீருக்குக் கொட்டை வைத்தியமா? அடுத்தது என்ன, ஆற்றுக்குக் கஷாயமா?" என்று கேட்டு எழுதினேன். மூன்று பானை, மணல், கரி, இதுதான் சயன்ஸ் என்று படம் வேறு போட்டுக் காட்டினேன். வயிறு வலிக்கச் சிரித்ததாகப் பல பேர் கடிதம் போட்டார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியதும் உண்மை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த யுத்த காலக் காகிதத் தட்டுப்பாட்டில் ஆசிரியர் எனக்குக் கொடுத்திருப்பதே இம்மாத்திரம் இடம்தான்.

ஒவ்வொரு சித்திரையிலும் அழகர் மலையை விட்டு இறங்கி வைகைக்கு வரும்போது, எங்கள் நெசவாளர் தெருக்காரர்கள் சாலை முனையில் ஒரு தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். நாளை ஆற்றில் இறங்குகிறார் என்றால் இன்று காலையிலேயே பந்தல் திறந்துவிட வேண்டும். சுற்று வட்டாரமே வண்டி கட்டிக்கொண்டு வரும். இந்த வருஷம் பெட்ரோலுக்குப் பஞ்சம். கரியில் ஓடுகிற பஸ்களிலும் பாதி படுத்துவிட்டன. அதனால் நடந்து வருகிற கூட்டம் எப்போதும் இல்லாத அளவுக்கு. சித்திரை வெயிலில் மேலூரிலிருந்து நடந்து வருகிறவனுடைய கண் முதலில் தேடுவது சாமியை அல்ல, தண்ணீர்ப் பானையைத்தான்.

பந்தல் கமிட்டிக்குத் தலைவர் சொக்கலிங்கம் அண்ணன். நாலு தறி வைத்திருப்பவர். பேச்சில் நிதானம், செய்கையில் அதைவிட நிதானம். செக்ரட்டரி, அடியேன்.

செக்ரட்டரி என்று ஆன பிறகு சும்மா இருக்க முடியுமா? கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். "வருஷம் பூராக் கெடந்த பழைய தண்ணியவா ஜனங்களுக்குக் குடுக்கிறது? கிணத்தைத் தூர் வாரணும். புதுத் தண்ணி குடுக்கணும்!" என்று முழங்கினேன். காலராவைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

திருவிழா நேரத்தில் தூர் வாருகிற ஆட்கள் லேசில் கிடைப்பார்களா? பந்தல் திறப்பதற்கு முதல் நாள்தான் வந்தார்கள். இருந்த தண்ணீரைச் சொட்டு விடாமல் இறைத்துக் கொட்டினார்கள். கூடை கூடையாகச் சேற்றை மேலே ஏற்றினார்கள். சுகாதார இலாகா ஆள் வந்து சிவப்பு மருந்தும் போட்டுவிட்டுப் போனார். நான் கிணற்றை எட்டிப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் முதல் வாளியை இறைத்தார்கள்.

டீ!

பால் கலந்த டீ நிறத்தில் வந்தது தண்ணீர். இரண்டாவது வாளி இன்னும் ஸ்ட்ராங்காக வந்தது. தூர் வாரின கிணறு, அடியில் இருக்கிற களிமண்ணையும் கலக்கிக்கொண்டுதான் ஊறும். அது அடங்க மூன்று நாளோ நாலு நாளோ ஆகும். கிணறு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. சயன்ஸ் வாத்தியாருக்கு மட்டும் தெரியவில்லை.

"அண்ணே, உங்களுக்குமா தெரியாது?" என்று சொக்கலிங்கம் அண்ணனிடம் பாய்ந்தேன்.

"தெரியும் வாத்தியாரய்யா," என்றார் அவர், நிதானமாக. "ஆனா நீங்க அம்புட்டு அடிச்சுச் சொன்னீகளா... படிச்சவுக, ஏதாச்சும் மிசினு வச்சிருப்பாகன்னு நெனச்சுப்புட்டேன்."

அவருக்கு மட்டுமா? தெரு முழுக்க அதே நினைப்பு! தெரிந்த அத்தனை பேரும், தெரியாத ஒருவன் இங்கிலீஷ் படித்தவன் என்பதற்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

இன்னும் மூன்று மணி நேரத்தில் கூட்டம் வந்துவிடும். வேறு தண்ணீருக்கு எங்கே போவது? குழாய் எல்லாம் ஆற்றுக்கு அக்கரையில். எங்கள் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஆற்று மணலில் தோண்டிய ஊற்றுகளை, முந்தின நாளே வந்து இறங்கிய கூட்டமும் மாடுகளும் கலக்கி முடித்தாயிற்று. மிச்சம் இருந்தது மேலத்தெருக் கிணறு ஒன்றுதான். ஆனால் அங்கேயும் ஒரு பந்தல் உண்டு. அங்கேயும் ஒரு செக்ரட்டரி உண்டு. பெயர் வீரணன். எங்கள் இரண்டு பந்தலுக்கும் எத்தனையோ வருஷத்துப் போட்டி.

அந்த வீரணன் விஷயம் கேள்விப்பட்டு வெற்றிலையை மென்றுகொண்டு எங்கள் கிணற்றடிக்கே வந்துவிட்டார்.

"என்ன வாத்தியாரய்யா, இந்த வருசம் டீக்கடை போட்டிருக்கீகளாம்ல?"

எனக்கு வந்த கோபத்துக்கு அவரைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பேன். போட்டால் இன்னும் கலங்கும் என்று விட்டுவிட்டேன்.

நெசவாளர் தெருவில் துணிக்கா பஞ்சம்? புது வேட்டியை எட்டாக மடித்து வடிகட்டினோம். வேட்டி பழுப்பானது, தண்ணீர் அப்படியே இறங்கியது. அந்த மண் அவ்வளவு நைசு.

அப்போது சொக்கலிங்கம் அண்ணன் என் காதருகே வந்தார். "வாத்தியாரய்யா, பேசாம எல்லாத்தையும் பானக்கமாக் கலந்துட்டா என்ன? வெல்லமும் அதே கலருதான... யாருக்குத் தெரியப் போகுது?"

"அண்ணே! சாமி பாக்க வர்ற சனங்களுக்குச் சேத்தைக் கரைச்சுக் குடுக்கிறதா? அதுக்கு நான் இப்பவே ஊரை விட்டு ஓடிப்போறேன்!" என்று கத்தினேன். அவர் முகம் வாடிப்போய்விட்டது. பாவம், யோசனைதானே சொன்னார்.

அடுத்து, யாரோ நாவிதரிடம் ஓடிப்போய்ப் படிகாரக் கட்டி வாங்கி வந்தார்கள். படிகாரம் தண்ணீரைத் தெளிய வைக்கும் என்பது என் சயன்ஸ் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் எத்தனை பானைக்கு எத்தனை கட்டி என்று நான் பார்த்துச் சொல்வதற்குள், மொத்தத்தையும் ஒரே பானையில் போட்டுக் கலக்கிவிட்டார்கள். தெளிந்தது. தெளிந்ததை வாயில் விட்டேன். நாக்கு சுருண்டு மேலே ஒட்டிக்கொண்டது! சவரம் செய்துகொண்ட கன்னத்துக்கு அது சரி, தொண்டைக்கு ஆகுமா? படிகாரமும் தீர்ந்தது, அந்தப் பானையும் போயிற்று.

கடைசியில் என் மூன்று பானை பில்டரை அடுக்கினேன். மாசியில் படம் போட்டுக் காட்டினேனே, அதே பில்டர். மேல் பானையில் மண் தண்ணீர், நடுவில் மணலும் கரியும், கீழே காலிப் பானை. எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். சொட்டு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொட்டு. அப்புறம் ஒரு பெரிய மௌனம். ஒரு செம்பு சேர்வதற்குள் அழகர் ஆற்றில் இறங்கி, வந்த காரியம் முடிந்து, மலைக்கே திரும்பிப் போய்விடுவார் போல இருந்தது.

மானம் கப்பலேறப் போகிறது என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். மானம்கூடப் போகட்டும். அந்த வெயிலில் பிள்ளையைத் தோளில் சுமந்துகொண்டு, எங்கள் பந்தலை நம்பி வருகிறவர்களிடம் என்ன சொல்வது? வருஷா வருஷம் நிற்கிற இடத்தில் வந்து நிற்பார்கள். "செக்ரட்டரி கிணற்றைச் சுத்தம் பண்ணிவிட்டார், அதனால் தண்ணீர் இல்லை" என்றா சொல்வது?

அந்த நேரத்தில்தான் ஒரு ஜட்கா வந்து நின்றது. காதர் பாய் இறங்கினார்.

காஜிமார் தெருப் பக்கம் நாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவர். என் வயசுக்காரர். நானும் அவரும் பார்த்தால் சண்டை, பார்க்காவிட்டால் ஏக்கம். எங்கள் பந்தலின் பானக்கத்துக்குச் சுக்கும் ஏலக்காயும் வருஷா வருஷம் அவர் உபயம்தான்.

கிணற்றைப் பார்த்தார். பில்டரைப் பார்த்தார். சொட்டுவதைக் கொஞ்ச நேரம் ரசித்தார். பிறகு மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். பிரித்தேன். உள்ளே தேற்றாங்கொட்டை. மடித்திருந்த தாள்... என்னுடைய மாசி மாதத்துப் பத்தி! மூன்று பானைப் படம்கூடச் சரியாக மேலே தெரியும்படி மடித்திருந்தார் மனுஷர்.

"ரெண்டு மாசமா இதை மடியிலேயே வச்சுக்கிட்டுத் திரியுறேன் வாத்தியாரே. என்னைக்காச்சும் ஒருநாள் மாட்டுவீங்கன்னு தெரியும்," என்றார். "நீங்க எழுதுன புண்ணியத்துல கடையில ஒரு மூட்டை அப்படியே கெடக்கு. ஒரு ஆள் சீந்தலை. ஜட்காவை அனுப்பினா வந்துரும். அனுப்பவா?"

"பாய், இது நெசமாவே தெளியுமா?" என்றேன்.

"என்னைக் கேட்டா? சயன்ஸைக் கேளுங்க!"

கேட்டேன். தோற்பதென்றாலும் முறைப்படி தோற்க வேண்டாமா? வீட்டிலிருந்து இரண்டு கண்ணாடி ஜாடி கொண்டுவரச் சொன்னேன். இரண்டிலும் ஒரே வாளித் தண்ணீர். ஒன்றில் மட்டும் கல்லில் உரைத்த கொட்டை விழுதைக் கலக்கினோம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு, கொட்டை கலந்த ஜாடியில் மட்டும், பால் திரிகிற மாதிரி மண் சின்னச் சின்னத் திரளாகச் சேர்ந்தது. சேர்ந்த திரள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பாரம் தாங்காமல் மெல்லக் கீழே இறங்க ஆரம்பித்தது. மேலே ஒரு விரல்கடைத் தண்ணீர் தெளிந்தது. பிறகு நாலு விரல்கடை. அரை மணி நேரத்தில் அந்த ஜாடிக்குப் பின்னால் நின்ற காதர் பாயின் தாடி மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது. பக்கத்து ஜாடி? இன்னும் டீதான்.

அப்பா! உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது எனக்கு. அந்தக் கொட்டைக்குள் என்னதான் இருக்கிறது? மண் துகள்களைக் கை கோத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தது யார்? என் புத்தகத்தில் இல்லை. புத்தகத்தில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று இத்தனை நாள் இருந்திருக்கிறேன் பாருங்கள்! கிருமி சாவது வேறு, தண்ணீர் தெளிவது வேறு; கிருமிக்குத்தான் சிவப்பு மருந்து போட்டாயிற்றே. தெளிவது கண் முன்னால் நடந்துவிட்டது.

அதற்கப்புறம் தெருவுக்கே கை முளைத்தது. ஜட்கா போய்க் கடையிலிருந்த மூட்டையை ஏற்றி வந்தது. இருக்கிற பானைகளெல்லாம் வந்தன. உள்பக்கத்தை நனைத்து, வெள்ளையாக விழுது படிகிற வரைக்கும் சுற்றிச் சுற்றிக் கொட்டையைத் தேய்க்க வேண்டும். நானும் ஒரு பானைக்குள் கையை விட்டேன். என் மனைவி பக்கத்துப் பானையில்.

"என்னங்க, எழுதுறப்ப இருந்த வேகம் தேய்க்கிறப்ப இல்லையே," என்றாள்.

வேகத்தைக் கூட்டினேன். அன்றைக்கு மட்டும் என் விரல் முட்டியில் தோல் போனதற்கு மருந்து போட்டுக்கொள்ள எனக்கு மனசே வரவில்லை. அது பட்டயம் அல்லவா?

கூட்டத்தின் முதல் வரிசை சாலையில் தெரிந்தபோது எங்கள் பானைகளில் தண்ணீர் தெளிந்து நின்றது. எட்டிப் பார்த்தால் பானையின் அடியில் படிந்த மண்ணும், அதற்கு மேல் என் முகமும் தெரிந்தன. மேலாக மொண்டு மொண்டு கொடுத்தோம். "கோவிந்தா! கோவிந்தா!" என்று வந்தவர்கள் செம்பை அண்ணாந்து ஊற்றிக்கொண்டார்கள். சாமி மேல் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் தோல் பையை நீட்டினார்கள், அதிலும் நிரப்பினோம். சொக்கலிங்கம் அண்ணன் பானக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, "வெல்லம் மட்டுந்தேன், வேற ஒண்ணும் இல்லை, குடிங்க!" என்று யாரும் கேட்காமலேயே சத்தியம் செய்துகொண்டிருந்தார்.

உச்சி வெயிலில் ஓர் ஆள் வெறும் குடத்தோடு வந்து நின்றார். வாயில் வெற்றிலை இல்லை. வீரணன்!

மேலத்தெருக் கிணறு இறைத்து இறைத்து அடி தட்டிவிட்டதாம். அவர்கள் பந்தலிலும் இப்போது டீதான்.

வாசகர்களே, காலையிலிருந்து அவருக்காக நான் மனசுக்குள் எத்தனை பதில் தயார் செய்து வைத்திருந்தேன் தெரியுமா? ஒவ்வொன்றும் முத்து. "இஞ்சி போட்டதா, போடாததா?" என்று ஆரம்பித்து வரிசையாக வைத்திருந்தேன். அவர் பின்னாலோ, அந்தப் பந்தலில் தண்ணீர் கிடைக்காமல் திரும்பிய பெண்களும் பிள்ளைகளும் நின்றார்கள். அத்தனை முத்தையும் விழுங்கிவிட்டேன்.

"ஒங்ககிட்ட ஏதோ கொட்டை இருக்காம்ல..." என்று இழுத்தார் வீரணன்.

"இருக்குண்ணே. உக்காருங்க. நான் தேய்ச்சுக் காட்டுறேன், பாத்துக்கங்க," என்றேன். ஒரு பை நிறையக் கொட்டையை எடுத்து அவர் குடத்தில் போட்டேன். காதர் பாய், "மாஷா அல்லா, வாத்தியாரு இன்னைக்குத்தான் பாடம் நடத்துறாரு!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். சாயங்காலத்துக்குள் எத்தனையோ வருஷப் போட்டிப் பந்தல் இரண்டிலும் ஒரே மாதிரித் தண்ணீர் ஓடியது.

இத்துடன் முடிந்திருந்தால் இது வெறும் என் பெருமைக் கதைதான். முடியவில்லை.

வெயில் தாழ்ந்தபோது பந்தலுக்கு ஒரு அம்மாள் வந்தார். நடுத்தர வயசு, காலெல்லாம் புழுதி. அழகரோடு கூடவே மலை அடிவாரத்திலிருந்து நடந்து வருகிறாராம். பெயர் கருப்பாயி. தண்ணீரைக் குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, பலகையில் கிடந்த தேய்ந்த கொட்டைகள் அவர் கண்ணில் பட்டன. ஒன்றை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார்.

"இது எங்க மலைக் கொட்டையாச்சே!"

"உங்க கொட்டையா?"

"ஆமாய்யா. பனிக்காலம் பூரா அடிவாரத்துல பொறுக்கி, கழுவிக் காயவச்சு, நாந்தேன் டவுனுல இந்த பாய் கடைக்குக் கொண்டாந்து போடுவேன்."

மலையிலிருந்து இறங்கி வந்து மதுரையை வாழ வைக்கிறவர் அழகர் ஒருவர்தான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அவர் பின்னாலேயே ஒரு கூடை கொட்டையும் இறங்கி வந்துகொண்டிருந்திருக்கிறது.

கருப்பாயி பேச்சை நிறுத்தவில்லை. "இனிமே கொண்டார வேணாம்னுட்டாக. யாரோ ஒரு படிச்ச மனுசரு, இது சும்மா புளுகுன்னு பேப்பருல எழுதிப்புட்டாராம். ஒருத்தரும் வாங்கலையாம். இந்த வருசம் எங்க பொழப்பு போச்சுய்யா."

காதர் பாய் சட்டென்று வானத்தில் ஏதோ பறவையைப் பார்க்க ஆரம்பித்தார்.

எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. நான் ஒரு நாள் சிரிப்புக்காக எழுதியது, பனியில் குனிந்து குனிந்து பொறுக்கிய ஒரு கையைப் போய்த் தட்டிவிட்டிருக்கிறது. நான் கலக்கியது கிணற்றை மட்டுமா? ஆனால் மூடி மறைத்து என்ன பயன்? காலையிலிருந்து நான் கற்றுக்கொண்டதே கலங்கலைத் தெளிய வைப்பதுதானே.

"பேப்பர்ல எழுதுன ஆளு நான்தாம்மா," என்றேன். "தப்பா எழுதிட்டேன். இந்த வாரமே மாத்தி எழுதுறேன்."

"மூட்டை காலியாகிப்போச்சு, தாயி," என்றார் பாய், வானத்திலிருந்து இறங்கி வந்து. "அடுத்த தடவை ரெண்டு மூட்டையாக் கொண்டா."

கருப்பாயி அவரைக் கவனிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். முழங்கை வரைக்கும் வெள்ளை விழுது. விரல் முட்டி எல்லாம் சிவப்பு.

"அப்ப, இதைத் தேச்சதும் நீங்கதானா?"

"ஆமாம்மா."

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நல்லாத்தேன் தேச்சிருக்கீக!" என்று சொல்லி, இன்னொரு செம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

இருபது வருஷமாக ஊரார் பிள்ளைகளின் பரீட்சைத் தாளைத் திருத்துகிறேன். என் தாளைத் திருத்திப் பாஸும் போட்டுவிட்டுப் போனவர் கருப்பாயி ஒருவர்தான்.